மஞ்சச்சோறு ஆன்ட்டி

சாப்பாடு கொடுக்க வருகிறவர்களுக்கு அன்னம்மாள் இல்லத்துப் பிள்ளைகள் தாங்களாகவே பெயர் வைத்துவிடுவார்கள். கண்டியிலிருந்து வரும் பல் வைத்தியர் அவர்களுக்கு ஐஸ்கிரீம் மாமா. மனைவியின் நினைவுநாளுக்கு வரும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் என்ன கொண்டுவந்தாலும் 'பருப்பு சேர்'தான். முதல் வருடம் அவர் வீட்டுப் பருப்பு தீய்ந்துபோயிருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. ஒக்டோபர் பதினெட்டாம் திகதி வருகிறவள் மஞ்சச்சோறு ஆன்ட்டி. அந்தப் பெயர் காதில் விழுந்தாலே யோசப்பினுக்கு வயிறு எரியும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மேட்டுப்பாதையில் ஏறினால், இனி ஏலாது என்று கால் நிற்கிற இடத்தில் இல்லம் இருக்கிறது. முப்பத்தொரு பெண்பிள்ளைகள். கண்டிப் பக்கத்தில் பிறந்தநாள், நினைவுநாள், பிள்ளை பரீட்சையில் பாஸ், மகன் வெளிநாடு என்று எது வந்தாலும் இப்படியொரு இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லாரும் வருவார்கள். பசிக்கிற பிள்ளைக்குச் சமயம் கிடையாது. முன்கூட்டியே போன் பண்ணி நாள் பிடிக்க வேண்டும். அலுவலக மேசையில் கிடக்கும் தடித்த டயறியில் பெயரை எழுதுவார்கள். வருகிறவர் தன் கையாலேயே பரிமாற வேண்டும். சாப்பாட்டறைக் கரும்பலகையில் அவர் பெயர் எழுதப்படும். பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் எழுந்து நின்று, பிறந்தநாள்காரரின் பெயர் சொல்லிப் பாடுவார்கள். அதற்கு முந்திய ஒரு கிழமை முழுக்க மாலை ஜெபத்தில் அந்தக் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்வதும் உண்டு.

யோசப்பின் அங்கே இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளை வளர்க்கிறாள். கலகாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இருபத்தாறு வயதில் வந்தவள். பெற்றது ஒன்றுமில்லை, தூக்கி வளர்த்தது நாற்பதுக்கு மேல். எல்லாரும் அவளை ஜோசிம்மா என்பார்கள், ஒவ்வொருத்தியாகப் போய்விடுவார்கள். ஒருத்தி கலியாணம் கட்டிப் போனாள், ஒருத்தியைச் சித்தி வந்து கூட்டிப்போனாள். போகும்போது அழுவதும், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போன் எடுப்பதும், அடுத்த நத்தாருக்கு அதையும் மறப்பதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாத ஒரே பிள்ளை அஷ்வினி.

ஒன்பது வருடத்துக்கு முன், நவம்பர் ஏழாம் திகதி காலை, அடுப்படிக் கதவைத் திறந்தபோது வாசலில் நீல நிற உடுப்புக்கூடை இருந்தது. உள்ளே துணி என்று நினைத்து யோசப்பின் கையை விட்டாள். துணி அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. வைத்தியர் பார்த்து, பிறந்து இருபது நாள் இருக்கும் என்றார். பேர் வைத்தது யோசப்பின். கடதாசி இல்லாமல் வந்த பிள்ளைக்கு வந்த நாளே பிறந்தநாள் என்பது இல்லத்து விதி. ஆகவே அஷ்வினி நவம்பர் ஏழில் பிறந்தவள் ஆனாள்.

அந்தப் பிள்ளையின் தலையில் ரெட்டைச் சுழி. எந்தப் பக்கம் வாரினாலும் முடி எழும்பி நிற்கும். எப்படி இழுத்தால் வலிக்காது, எந்த இடத்தில் தண்ணீர் தொட்டுப் படிய வைக்க வேண்டும் என்பது யோசப்பினுக்கு மட்டும் தெரிந்த வித்தை. விடிந்தால் சீப்போடு அவள் மடியில் வந்து முதுகு காட்டி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பிள்ளைக்குப் பொறாமையும் அதிகம். போன மார்கழியில் நாலுமாதக் குழந்தை ஒன்று வந்தபோது, யோசப்பின் அதைக் குளிப்பாட்டுகிற இடத்துக்கு வந்து நின்றது.

"ஜோசிம்மா, எனக்குப் பொறாமையா இருக்கு."

"எதுக்குடி?"

"நீங்க அதுகிட்ட பேசுற மாதிரி எங்கிட்ட பேசுறதில்ல."

"ஒன்கிட்டயும் அப்பிடித்தான் பேசுனேன். ஒனக்கு ஞாபகம் இல்ல, அவ்வளவுதான்."

யோசப்பின் சிரித்துவிட்டுப் போனாள். பொறாமை எப்படி இருக்கும் என்று யாராவது அவளிடம் கேட்டிருந்தால், அது சின்னப் பிள்ளைகளின் வியாதி என்றுதான் சொல்லியிருப்பாள்.

மஞ்சச்சோறு ஆன்ட்டி நான்கு வருடமாக வருகிறாள். முப்பது வயதுக்குள் இருக்கும், மெலிந்த உடம்பு. மஞ்சள்சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, அப்பளம். பலகையில் என்ன எழுத என்று கேட்டால், "பேரு வேணாங்க. ஒரு புள்ளையோட பொறந்தநாள். பாப்பான்னு பாடச் சொல்லுங்க" என்பாள். பிள்ளைகளும் பாப்பாவுக்குப் பாடும். உரக்கப் பாடுகிறவள் அஷ்வினி.

போன வருடம்தான் யோசப்பின் கண்டுபிடித்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து, "இன்னும் வேணுமா மகள்?" என்று கேட்டுப் பரிமாறிக்கொண்டு வந்தாள். அஷ்வினியிடம் வந்ததும் வாய் மூடிக்கொண்டது. கண் சோற்றுக் கோப்பையை விட்டு எழவில்லை. கரண்டி மூன்று தரம் போய்வந்தது. முப்பது பிள்ளைகளைப் பார்த்தவள் ஒரு பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சாடியோடு நின்ற யோசப்பின் அன்று பின்னேரம் விரல்விட்டு எண்ணினாள். ஒக்டோபர் பதினெட்டிலிருந்து நவம்பர் ஏழு, இருபது நாள்.

அதிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. வருடத்தில் ஒரு நாள் வந்து, நெய்யும் முந்திரிப்பருப்பும் போட்டு, பிள்ளையின் வாயில் ருசியை வைத்துவிட்டுப் போகிறாள். மற்ற நாளெல்லாம் பாணும் பருப்பும் கொடுத்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து, பேன் பார்த்து வளர்த்தவளை யார் பேர் சொல்லிப் பாடுகிறார்கள்? செப்டெம்பர் பிறந்ததும் அஷ்வினி கேட்கத் தொடங்கிவிடுவாள்: "மஞ்சச்சோறு ஆன்ட்டி எப்ப வருவாங்க ஜோசிம்மா?" நாளைக்கு அந்தப் பெண் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போய், நான்தான் பெற்றவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். யோசப்பின் கையில் சீப்பு மட்டும் மிஞ்சும்.

இந்த வருடம் போன் வந்தபோது இல்லத்துக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி சிஸ்டர் அனற் கண்டிக்குப் போயிருந்தார். யோசப்பின்தான் எடுத்தாள்.

"ஒக்டோபர் பதினெட்டு பகல் சாப்பாட்டுக்குங்க... எப்பவும் எடுக்கிற நாள்."

யோசப்பின் டயறியைத் திறந்தாள். அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"அந்த நாள் போயிருச்சிங்களே" என்றது அவள் வாய்.

"போயிருச்சா? யாருங்க எடுத்தது?"

"மடவளையில ஒரு ஹாஜியார். அரூஸ் ஹாஜியார்."

எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"அப்ப... சும்மா வந்து பாத்துட்டுப் போகலாங்களா?"

"சாப்பாடு குடுக்கிறவங்க மட்டுந்தான் உள்ளுக்கு வரலாம். ரூல்ஸ்."

போனை வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, பதினெட்டாம் திகதிக்கு நேரே எழுதினாள்: அரூஸ் ஹாஜியார், மடவளை, பகல். எழுத்தில் ஒரு அடித்தல் திருத்தம்கூட இல்லை. அதுதான் பிறகு அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

நாலைந்து நாளில் வேறு யாராவது அந்த நாளைக் கேட்பார்கள், ஹாஜியாரை வெட்டிவிட்டு அவர்களைப் போட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. கேட்டார்கள். இரண்டு குடும்பங்கள். இரண்டு தரமும் போனை எடுத்தது சிஸ்டர். "அண்டைக்கு மடவளை ஹாஜியார் வாறார்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஹாஜியார் வரவில்லையாம் என்று சொல்லிவிடலாமென ஒருநாள் அலுவலக வாசல்வரை போனாள். சிஸ்டரோ மாலை ஜெபத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "ஹாஜியாற்றை குடும்பத்தில எத்தினை பேர் எண்டு தெரியுமோ யோசப்பின்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லித் திரும்பி வந்தாள். அந்தக் கிழமை முழுக்க பிள்ளைகள் எல்லாரும் முழங்காலில் நின்று, உலகத்தில் இல்லாத ஒரு மனிதனின் உடல்நலத்துக்காக வேண்டிக்கொண்டார்கள். யோசப்பினும் கைகூப்பி ஆமென் சொன்னாள்.

பதினெட்டாம் திகதி சனிக்கிழமை. பகல் சாப்பாடு வெளியிலிருந்து வரும் நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. சமையல்காரி சுந்தரி காலைப் பாணும் சம்பலும் கொடுத்துவிட்டு, கலகெதரையில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்விட்டாள். பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஐப்பசி மழை கண்டியில் சொல்லிவைத்தாற்போல் பின்னேரம்தான் வரும். அன்று முன்கூட்டியே வந்துவிட்டது. பிள்ளைகள் நல்ல சட்டை போட்டு, வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நல்ல கையெழுத்து என்பதால் பலகையில் எழுதுவது அஷ்வினியின் வேலை. 'அரூஸ் ஹாஜியார் குடும்பத்தினருக்கு எமது நன்றிகள்' என்று எழுதி, பக்கத்தில் பூவும் போட்டிருந்தாள்.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. வெறும் கோப்பைகள் மேசையில் கிடந்தன. சின்னதுகள் கோப்பையில் தாளம் தட்டத் தொடங்கின. ஐந்து வயதுக்காரி ஒருத்தி அழுதாள்.

"அழாத. மழைதானே? பாலத்துக்கிட்ட பிளொக்கா இருக்கும்" என்று அஷ்வினி அவளைத் தேற்றினாள். "ஹாஜியார் வராம இருக்க மாட்டாரு. நம்ம ஒரு கிழமையா ஜெபம் பண்ணியிருக்கோம். என்ன ஜோசிம்மா?"

யோசப்பினால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இங்கே மறைக்கச் சோறுகூட இல்லை. அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"ஹாஜியாற்றை நம்பரைத் தாரும், ஒருக்கா எடுத்துப் பாப்பம்" என்றார் சிஸ்டர்.

"நம்பர் இல்ல சிஸ்டர். ஹாஜியாரும் இல்ல."

"என்ன?"

"அப்பிடி ஒரு ஆளே இல்ல. நான்தான் எழுதுனேன். அந்த மஞ்சச்சோத்துக்காரி வரக்கூடாதுன்னு எழுதுனேன்."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை; அஷ்வினி வந்த நாளிலிருந்து அவரும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறார்.

"பிள்ளையளைப் பட்டினி போட்டிட்டீர் யோசப்பின்."

"தெரியும் சிஸ்டர்."

"மிச்சத்தைப் பிறகு கதைப்பம். இப்ப போய் உலையை வையும்."

அவள் அடுப்படிக்குப் போய் அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஹோன் கேட்டது. சிவப்பு முச்சக்கர வண்டியொன்று மழையில் ஏறி வந்து நின்றது. தொப்பி போட்டு, சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் இறங்கி, பெரிய சட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடி வந்தார்.

"நீங்கள் ஆர்?" என்றார் சிஸ்டர்.

"நான் அரூஸ். மடவளை."

சிஸ்டர் திரும்பி, அரிசிச் சட்டியோடு வெளியே வந்து நின்ற யோசப்பினைப் பார்த்தார். சாப்பாட்டறையிலிருந்து, "ஹாஜியார் வந்துட்டாரு!" என்று அஷ்வினியின் கூச்சல் கூரையைத் தூக்கியது.

"ஹாஜியாரா?" அந்த மனிதர் வெட்கப்பட்டுப் போனார். "ஹஜ்ஜுக்குப் போறதுக்கு எனக்கு எங்க தாயி நஸீபு, அந்தக் குடுப்பின? நான் ஆட்டோ ஓடுற ஆளு. சாமான் எல்லாம் இந்தத் தங்கச்சிடது."

வண்டியின் றெக்சீன் திரையை விலக்கிக்கொண்டு மஞ்சச்சோறு ஆன்ட்டி இறங்கினாள்.

அடுப்படியில் இருவரும் சட்டிகளைத் திறந்தார்கள். ஆவியோடு ஏலக்காய் வாசம் வந்தது. யோசப்பினுக்கு அந்த வாசம்கூடப் பிடிக்கவில்லை.

"ஒன் பேரு என்ன?" என்றாள்.

"நிரஞ்சனி. மடவளையில அனீஸா தாத்தான்னு ஒரு அக்கா கடையில தைக்கிறேங்க."

"மடவளையா?"

"ஆமாக்கா. நீங்க அரூஸ் ஹாஜியார்னு சொன்னதும் அனீஸா தாத்தாகிட்ட கேட்டேன். ஹாஜியார்கிட்ட கெஞ்சி, அவரு குடுக்கிற அன்னைக்குக் கூடமாட பரிமாறுறேன்னு வந்துறலாம்னு. ஊருல அரூஸ்னு ரெண்டு பேருதான். ஒருத்தருக்கு ஏழு வயசு. மத்தவரு வெளிய நிக்கிறாரு."

யோசப்பின் அப்பளத்தை எடுத்து அடுக்கினாள். நொறுங்கியது.

"அப்ப பொய்யின்னு தெரிஞ்சே வந்திருக்க."

"முழுசாத் தெரியாதுக்கா. நெசமாவே யாராவது வந்தா சோத்தோட திரும்பிறலாம்னு பதினொன்றரையிலருந்து கீழ பஸ் ஹோல்ட்டுக்கிட்டதான் வண்டிய நிப்பாட்டியிருந்தோம். யாரும் வரல. புள்ளைங்க பசியோட இருக்குமேன்னு மேல வந்தேன். டயறியில எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்னுதான் அரூஸ் நானாவக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

இவள் நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்று யோசப்பினுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போக வந்தியா?" என்று நேரே கேட்டுவிட்டாள்.

நிரஞ்சனி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கூட்டிக்கிட்டுப் போயி எங்கக்கா வைக்க? எனக்கு அப்ப இருவது வயசு. ஒரு வீட்டுல வேலைக்கு நின்னேன். நடந்தத எங்க வீட்டுல சொன்னா அப்பா என்னையக் கொன்னுருப்பாரு. பெறகு குவைத்துக்குப் போனேன். வந்து கல்யாணம் முடிச்சேன். ரெண்டு வயசுல பையன் இருக்கான். அவருக்கு ஒண்ணுந் தெரியாது. இந்தச் சோறு எதுக்குன்னு கேட்டா, குவைத்துல வச்ச நேர்த்திக்கடன்னு சொல்லியிருக்கேன்."

"அப்ப எதுக்கு வருசா வருசம் வந்து நிக்கிற?"

"ஒரு நாள்தானேக்கா. மிச்சம் முன்னூத்து அறுவத்து நாலு நாளும் ஒங்களுக்குத்தானே? அந்த ஒரு நாளையும் புடுங்கிக்கிட்டீங்களே."

வெளியே மழை தகரத்தில் கொட்டியது. யோசப்பின் சோற்றுச் சட்டியின் ஒரு காதைப் பிடித்து, "அந்தப் பக்கம் புடி. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

சிஸ்டர் பலகையில் இருந்த 'ஹாஜியார்' என்ற சொல்லை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டார். அரூஸ் கதவோரத்தில் நின்று, தன் பெயரையும் பூவையும் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். பிள்ளைகள் எழுந்து பாப்பாவுக்குப் பாடின. அஷ்வினி வழக்கம்போல் எல்லாரையும் முந்திக்கொண்டு பாடினாள். நிரஞ்சனி பரிமாறிக்கொண்டே வந்தாள். அஷ்வினியிடம் வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். யோசப்பின் தண்ணீர்ச் சாடியோடு பின்னால் நின்றாள்.

"ஆன்ட்டி" என்றாள் அஷ்வினி. "நாலு வருசமாப் பாடுறோம். பாப்பாவ ஒருநாளும் கூட்டிக்கிட்டு வரலையே?"

கரண்டி சோற்றுக்குள் நின்றுவிட்டது.

"அவ வேற எடத்துல வளர்றா மகள்."

"யாரு வளக்கிறா?"

"ஒரு அம்மா. நல்ல அம்மா."

"அவங்களத்தான் அம்மான்னு கூப்புடுவாளா?"

"ஆமா."

அஷ்வினி ஒரு முந்திரிப்பருப்பை எடுத்து வாயில் போட்டு யோசித்தாள்.

"ஒங்களுக்குப் பொறாமையா இருக்காதா ஆன்ட்டி? எனக்குன்னா இருக்கும். ஜோசிம்மா அந்தச் சின்னப் பாப்பாவக் குளிப்பாட்டுனாலே எனக்கு வரும்."

நிரஞ்சனி தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள். நெற்றி, புருவம், மழை ஈரத்தில் எழும்பி நின்ற முடி எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு அவள் கண் அதைத் தாண்டி யோசப்பினிடம் வந்து நின்றது.

"இருக்கும் மகள். ஒவ்வொரு நாளும் இருக்கும். விடியக்காலையில ரொம்பக் கூடவா இருக்கும். இந்நேரம் அவளுக்கு யாராவது தலை சீவிக்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சா தாங்க ஏலாது."

ஒரு வருடமாக இந்தப் பெண்ணைப் பார்த்து யோசப்பின் எரிந்தாள். இந்தப் பெண் ஒன்பது வருடமாக அவளைப் பார்த்து எரிந்திருக்கிறாள், எரிந்துகொண்டே மோஜு செய்து கொண்டுவந்திருக்கிறாள். அவளுக்காக முதலில் பரிதாபப்பட வேண்டுமா, தனக்காக வெட்கப்பட வேண்டுமா என்று யோசப்பினுக்குத் தெரியவில்லை. இரண்டுமே நடந்தன. ஆனாலும் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடத்து ஒக்டோபர் பதினெட்டைத் தானே எழுதப்போவதாகச் சொல்லி சிஸ்டர் டயறியைக் கையோடு எடுத்துப் போயிருந்தார். அரூஸ் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "போவோமா தங்கச்சி?" என்று கேட்டார். யோசப்பின் சட்டைப்பையில் கையை விட்டாள். சீப்பு இருந்தது. எடுத்தாள், திரும்ப உள்ளே போட்டாள், மறுபடி எடுத்தாள்.

"ஏய் அஷ்வினி, ஒன் தலை என்னடி காக்காக் கூடு மாதிரி கெடக்கு? எனக்குச் சட்டி கழுவ வேண்டியிருக்கு. ஆன்ட்டிகிட்ட குடுத்துச் சீவிக்க."

சீப்பைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், சாம்பலையும் தேங்காய்த் தும்பையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விறாந்தை வாங்கில் அவர்கள் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு பிள்ளையின் குரல் கேட்டது:

"ஆ! வலிக்குது ஆன்ட்டி. ஜோசிம்மா சீவுனா வலிக்காது."

யோசப்பினுக்கு, பாவம், சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சட்டியை இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தாள். அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சாம்பல் கையோடு எழுந்து போய்க் கதவடியில் நின்றாள்.

"அங்க ரெட்டைச் சுழி இருக்கு நிரஞ்சனி. அந்த எடத்துல இழுக்கக்கூடாது. கொஞ்சம் தண்ணி தொட்டுக்க. ஆங்... அப்பிடித்தான். மெதுவா."